அக்காவின் நிகர் மதிப்பெண்

'நிகர்' முடிவுகள் வெளியான அன்று சுபத்ரா தன் பெயரைத் தேடுவதற்கு முன்னால் தங்கையின் பெயரைத்தான் தேடினாள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மேகலாவுக்கு என்ன ஆறுதல் சொல்வது என்று முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ளலாமே என்றுதான். தங்கைக்கு ஆறுதல் சொல்வது அவளுக்குக் கைவந்த வேலை. மேகலாவின் கல்லூரி நாட்களிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறாள். "மார்க்குல என்ன கண்ணு இருக்குது, நீ நல்லாத்தான இருக்கற" என்று தொடங்கலாம் என்று முடிவுகூடச் செய்துவிட்டாள்.

திரையில் மேகலாவின் பெயர் வந்தது. பழைய மதிப்பெண் பத்துக்கு 6.3. நிகர் மதிப்பெண் 9.4.

ஏதோ தவறு நேர்ந்திருக்கும் என்று ஊர், பிறந்த வருடம், அப்பாவின் பெயர் எல்லாவற்றையும் சரிபார்த்தாள். அவளேதான். அப்புறம் தன் பெயரை அடித்தாள். பழைய மதிப்பெண் 9.8. நிகர் மதிப்பெண் 6.6.

யாரோ கதவைத் தட்டினார்கள். "அப்பறமா வாங்க" என்றாள். தன் குரல் எப்போதும்போல் ஒலித்தது அவளுக்கே வியப்பாக இருந்தது.

நொய்யல் கல்லூரி கோயம்புத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது. நுழைவுத் தேர்வு எழுதும் லட்சக்கணக்கானவர்களில் சில நூறு பேருக்குத்தான் அங்கே இடம். சுபத்ரா படித்த காலத்தில், இரண்டாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், உள்ளே நுழைந்துவிட்டால் மார்க் என்பது கல்யாண வீட்டு இலையில் சோறு விழுகிற மாதிரி கேட்காமலே விழும். மற்ற பெரிய கல்லூரிகள் அள்ளிப் போட்டன. நாம் மட்டும் கையை இறுக்கினால் நம் பிள்ளைகளுக்கு வெளிநாட்டு இடம் கிடைக்காமல் போய்விடும் என்று நொய்யலிலும் அள்ளிப் போட்டார்கள். மாணவர்கள் கொடுக்கும் மதிப்பீட்டைப் பார்த்துத்தான் ஆசிரியர்களுக்குப் பதவி உயர்வு என்று வந்த பிறகு, ஒன்பதுக்குக் கீழே வாங்குகிறவனைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. அந்தக் கூட்டத்திலும் சுபத்ராவுக்குத்தான் தங்கப் பதக்கம்.

பிறகு கம்பெனிகள் விழித்துக்கொண்டன. நொய்யல் பட்டதாரி என்றால் எல்லாரும் ஒன்பதுதான், இதில் யாரை எடுப்பது, யாரை விடுவது என்று வெளிப்படையாகவே கேட்டன. புதிதாக வந்த முதல்வர் ஒரே ஆண்டில் கத்தியை எடுத்தார். எவ்வளவு நன்றாக எழுதினாலும் ஏழு மதிப்பெண்ணைத் தாண்டக் கூடாது என்பது எழுதப்படாத சட்டமானது. கத்தி விழுந்த முதல் வகுப்பில் மேகலா இருந்தாள். முதலாவதாக வந்த பையனுக்கே 6.9. மேகலாவுக்கு 6.3. ஆனால் வெளியுலகத்துக்கு உள்ளே நடந்தது எப்படித் தெரியும்? வெளிநாட்டு ஆய்வுப் படிப்புக்கு எட்டு வேண்டும் என்றால் எட்டு வேண்டும், அவ்வளவுதான். மேகலாவின் விண்ணப்பங்களை யாரும் இரண்டாம் தடவை திருப்பிப் பார்க்கவில்லை. திருப்பூரில் சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாணம், ஒரு பெண் குழந்தை, அங்கேயே இருந்துவிட்டாள்.

சுபத்ராவோ பெங்களூர், ஜெர்மனி என்று போய்விட்டு நொய்யலுக்கே பேராசிரியராகத் திரும்பி வந்து, டீனும் ஆகியிருந்தாள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். இப்போதைய முதல்வர் சீக்கிரமே ஓய்வு பெறுகிறார். அடுத்து யார் என்பதில் கல்லூரியில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நிகர் திட்டத்துக்கு ஆட்சிக் குழுவில் முதலில் கை தூக்கியவளே சுபத்ராதான்.

நிகரை உருவாக்கிய குழுவின் தலைவன் இன்பராஜ், முப்பத்தைந்து வயதுக்காரன், அன்று எல்லாருக்கும் விளக்கினான். "பழைய விடைத்தாள் அத்தனையும் ஸ்கேன் பண்ணி வெச்சிருக்கோமுங்க. நிகர் எல்லாத்தையும் உக்காந்து படிக்கும். விடை சரியா தப்பான்னு மட்டும் பாக்காது. இந்தப் புள்ள மனப்பாடம் பண்ணி எழுதியிருக்குதா, இல்ல தானா ஒரு வழி கண்டுபுடிச்சிருக்குதான்னு பாக்கும். எல்லா வருசத்தையும் ஒரே தராசுல நிறுத்தும்."

"அப்ப எங்க காலத்து மார்க் என்னாகும் தம்பி?" என்று வயதான உறுப்பினர் ஒருவர் கேட்டார்.

"அந்தக் காலத்து நூறு ரூபாயும் இன்னைக்கு நூறு ரூபாயும் ஒண்ணாங்க சார்? மார்க்கும் அப்படித்தான். ஏத்தம் எறக்கம் எல்லாம் கழிச்சா மிச்சம் என்னவோ, அதுதான் நிகர்."

"இறங்க வேண்டியவங்களுக்கு இறங்கட்டும். அதுல யாரும் வருத்தப்பட என்ன இருக்குது?" என்று சுபத்ரா சொன்னாள். வகுப்பில் தூங்கியே 9.5 வாங்கிய சில முகங்கள் அப்போது அவள் மனதில் இருந்தன. அரசாங்கம் திட்டத்தை ஏற்றுக்கொண்டு, இப்படிப்பட்ட கல்லூரிகளுக்கு முதல்வராக வருகிறவருக்கு நிகர் மதிப்பெண் குறைந்தது எட்டு இருக்க வேண்டும் என்று விதியும் போட்டது. அதையும் அவள் வரவேற்றிருந்தாள்.

அன்று சாயங்காலம் வடவள்ளி வீட்டுக்குத் திரும்பியபோது அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். செய்தி அதற்குள் வந்துவிட்டது. மேகலாவின் கணவர் ஃபோன் செய்திருந்தாராம்.

"மேகலாவுக்கு ஒம்பது புள்ளி நாலாமா? மாப்ள சொன்னாரு."

"ஆமாம்மா."

"எனக்கு அப்பவே தெரியும்" என்றாள் அம்மா. "சின்னதுலயே அவ கேக்கற கேள்விக்கு உங்கப்பா பதில் தெரியாம முழிப்பாரு. 'இந்தப் புள்ளைக்கு இருக்கற மூளை நம்ம வம்சத்துலயே ஆருக்கும் இல்ல'ம்பாரு."

சுபத்ரா கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "இத்தனை வருசமா ஒரு வார்த்தை சொல்லலயே நீங்க ரெண்டு பேரும்?"

"எப்படிச் சொல்றது கண்ணு? உன்ற மனசு சங்கடப்படுமல்லோ."

அவளுக்கு அந்த ஒரு வாக்கியம் 6.6 என்ற எண்ணைவிடப் பெரிய அடியாக இருந்தது. தன் பதக்கத்துக்கு வீட்டில் பொங்கல் வைத்ததும், சொந்தக்காரர்களிடமெல்லாம் அப்பா பெருமை பேசியதும், எல்லாமே தன் மனம் கோணக் கூடாதே என்று செய்யப்பட்டவையா? தங்கைக்கு ஆறுதல் சொல்கிறோம் என்று இவ்வளவு காலம் நினைத்திருந்தாளே. உண்மையில் வீடே சேர்ந்து யாருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தது?

மேகலாவைக் கூப்பிட்டாள். பின்னால் இயந்திரங்களின் இரைச்சல் கேட்டது.

"பாத்தயா?" என்றாள் சுபத்ரா.

"பாத்தேங்க்கா. இங்க ஒரு தொட்டியில நுரை பொங்கி வெளிய வந்துட்டிருக்குது. அப்பறமா பேசட்டுமா?"

ஒரு துள்ளல் இல்லை, ஒரு பெருமூச்சு இல்லை. வைத்துவிட்டாள். தான் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய மதிப்பெண், தங்கைக்குக் கழிவுநீர் நுரையைவிட அவசரமில்லாததாகப் போயிற்றே என்பதை சுபத்ராவால் தாங்க முடியவில்லை. அவள் குதித்திருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது. குதித்தால் அற்பம் என்று நினைத்துக்கொள்ளலாம்.

கல்லூரியில் ஒரு வாரத்துக்குள் புதிய பேச்சு வழக்கே உருவாகிவிட்டது. சுபத்ராவின் காலத்தவர்கள் 'ஊதின பேட்ச்'. மேகலாவின் காலத்தவர்கள் 'அமுக்கின பேட்ச்'. நடைபாதையில் மாணவர்கள் தாழ்ந்த குரலில் பேராசிரியர்களை இரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வேதியியல் துறையில் ஊதின பேட்ச்காரர் ஒருவர் உடம்பு சரியில்லை என்று விடுப்பில் போனவர் திரும்பி வரவேயில்லை. நிச்சயமான கல்யாணம் ஒன்று, மாப்பிள்ளையின் நிகர் ஐந்து என்று தெரிந்ததும் நின்றுபோனதாகக் கேள்வி.

பரமசிவம் என்ற ஒருவர் ஒரு நாள் சுபத்ராவின் அறைக்கு வந்தார். மேகலாவின் வகுப்புத் தோழர். முடி முழுக்க நரைத்திருந்தது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அன்னைக்கு இந்த காலேஜ் எனக்கு 5.8 குடுத்துச்சு மேடம். இப்ப 8.9ங்கறீங்க. எங்கப்பா சாகற வரைக்கும் என்னை உதவாக்கரைன்னே நெனச்சுட்டு செத்தாரு. நானும் அதைத்தான் நம்பினேன். அவருகிட்ட இதை யாரு போய்ச் சொல்றது?"

"கல்லூரி வருத்தம் தெரிவிச்சிருக்குதுங்க" என்றாள் சுபத்ரா.

"வருத்தம் வேண்டாமுங்க. நான் உதவாக்கரை இல்லைன்னு நீங்க யாராவது ஒருத்தர் என் முகத்தைப் பாத்துச் சொன்னாப் போதும். அதுக்குத்தான் பஸ் ஏறி வந்தேன்."

அவள் சொல்லியிருக்கலாம். ஒரு வரிதானே. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது அவளுக்கு மேகலாவின் முகம்தான் தெரிந்தது. மேசையில் இருந்த எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த ஆட்சிக் குழுக் கூட்டத்தில் தலைவர் அவளைத் தனியாக அழைத்தார். முதல்வர் பதவியைப் பற்றி நேரடியாக எதுவும் சொல்லவில்லை. விதி விதிதானே என்ற மாதிரி கையை விரித்தார். பிறகு முகம் மலர்ந்து, "திருப்பூர் மேகலா உங்க கூடப் பொறந்தவங்களாமே, சொல்லவே இல்லையே மேடம்? அவங்களை நம்ம நீர் ஆய்வு மையத்துக்குத் தலைமையாக் கூப்புடலாம்னு இருக்கோம். நீங்க ஒரு வார்த்தை பேசிப் பாருங்களேன்" என்றார்.

"பேசறேங்க" என்றாள்.

பேசவில்லை. பொறாமை என்ற சொல்லை அவள் தனக்குள் ஒருபோதும் உச்சரிக்கவில்லை. அநீதி என்றுதான் சொல்லிக்கொண்டாள். பல் விளக்கும்போதும், வகுப்புக்குப் போகும்போதும், சாப்பாட்டில் கை வைக்கும்போதும் 9.4 என்ற எண் முன்னால் வந்து நின்றது. நெஞ்சில் ஓர் எரிச்சல் நிரந்தரமாகக் குடியேறியிருந்தது. மேகலாவுக்கு வாய்த்ததெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து அவளை வதைத்தன. தன்னைவிட நல்ல நிறம், தன்னைவிட நல்ல குரல், போதாக்குறைக்குக் குடும்பம் வேறு. மார்க் ஒன்றுதான் தனக்கென்று இருந்தது, அதையும் எடுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அவளுக்கு அந்தப் பாடங்கள் நினைவுக்கு வந்தன. பெங்களூரில் ஆய்வு செய்துகொண்டிருந்தபோது, நொய்யலில் படித்துக்கொண்டிருந்த தங்கைக்கு வாரந்தோறும் ஃபோனில் பாடம் சொல்லிக் கொடுப்பாள். மேகலா திரும்பக் கேட்டுக்கொள்வதற்காக எல்லாவற்றையும் சுபத்ராதான் பதிவு செய்து வைத்தாள். அவை இன்னும் அவளிடம் இருந்தன.

இன்பராஜைத் தேடிப் போய் விதியைக் கேட்டாள்.

"பங்கு கோரிக்கைன்னு ஒண்ணு இருக்குதுங்க மேடம்" என்றான். "ஒருத்தர் விடையில இன்னொருத்தரோட யோசனை இருக்குதுன்னு காட்டினா, அந்த அளவுக்கு மார்க் இவங்ககிட்ட இருந்து அவங்களுக்குப் போயிரும். காப்பி அடிச்சவங்களுக்காக வெச்ச விதி. ஏனுங், யாராவது கேட்டாங்களா?"

"சும்மாதான் கேட்டேன்."

அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு பதிவுகளைக் கேட்டாள். இருபத்தைந்து வயது சுபத்ராவின் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. எவ்வளவு பொறுமை, எவ்வளவு பாசம். 'புரிஞ்சுதா கண்ணு? இல்லைன்னா மறுபடியும் சொல்றேன், எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.' இவ்வளவும் நான் கொடுத்தது, இவளுடைய மூளையில் பாதி நான் போட்டது என்று நிம்மதிகூட வந்தது.

ஆனால் பதிவுகளில் மேகலாவின் குரலும் இருந்தது. 'அக்கா, இந்தக் குழாய்ல தண்ணி திரும்புற எடத்துல மட்டும் ஏன் இந்தச் சமன்பாடு பொருந்த மாட்டேங்குது? வேற மாதிரி எழுதினா சரியா வருமல்லோ?' பிறகு மூத்தவளின் குரல்: 'அதெல்லாம் பரீட்சைக்கு வராது, விடு.' அடுத்த பதிவிலும் அப்படி ஒரு கேள்வி. அதற்கடுத்ததிலும். எதற்கும் அக்காவிடம் பதில் இல்லை. இன்றைக்கு, இத்தனை பட்டங்களுக்குப் பிறகு கேட்டபோதும், இரண்டு கேள்விகளுக்கு அவளுக்குப் பதில் தெரியவில்லை.

சுபத்ரா கேள்விகள் வந்த இடங்களையெல்லாம் வெட்டி எடுத்தாள். தான் சொல்லிக் கொடுப்பது மட்டும் மிஞ்சியது. அதை இணைத்து, தன் பெயரில் பங்கு கோரிக்கையை அனுப்பினாள். அனுப்பிய பிறகு கையைக் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.

பத்து நாள் போல் ஆயிற்று. முடிவு வந்தது. மேகலாவின் மதிப்பெண் 7.9 ஆகக் குறைந்திருந்தது. சுபத்ராவுடையது 8.1.

தலைவரே ஃபோன் செய்து வாழ்த்தினார். ஊழியர்கள் இனிப்போடு வந்தார்கள். முதல்வர் அறையில் எந்தப் பக்கம் மேசையைப் போடலாம் என்று கேட்டார்கள். நீர் ஆய்வு மையத்துக்கு வேறு ஆளைப் பார்ப்பதாகவும் அவளுக்குச் செய்தி வந்தது. அம்மாவிடம் சொன்னபோது அம்மா, "ரெண்டு பேருக்கும் எட்டுக்குப் பக்கமா? அதுவும் நல்லதுதான்" என்றாள். அன்றைக்கு அந்த எரிச்சல் இல்லாமல் சுபத்ரா சாப்பிட்டாள்.

மேகலாவிடமிருந்து மட்டும் ஒரு வார்த்தையும் இல்லை. கோரிக்கை வைத்தவர் பெயர் அவளுக்குப் போயிருக்கும். சண்டைக்கு வருவாள் என்று சுபத்ரா எதிர்பார்த்தாள். சொல்ல வேண்டிய பதில்களைக்கூடத் தயார் செய்திருந்தாள். சண்டை வரவில்லை.

பதவி ஏற்பதற்குச் சில நாட்கள் முன்னால் கேன்டீனில் இன்பராஜ் எதிரே வந்து உட்கார்ந்தான். தேநீரை ஆற்றிக்கொண்டே இருந்தான், குடிக்கவில்லை.

"மேடம், ஒரு விசயம் உங்களுக்குத் தெரியணும்னு நெனைக்கறேன். தெரியாம அந்த சீட்டுல உக்காந்தீங்கன்னா பின்னால சங்கடம்."

"சொல்லுப்பா."

"உங்க கோரிக்கையைப் பாத்துட்டு நிகர், ரெண்டுக்கும் ஒத்துப்போறது எதுவும் இல்லைன்னுதான் சொல்லுச்சுங்க."

சுபத்ராவுக்குப் புரியவில்லை. "பின்ன மார்க் எப்படி மாறுச்சு?"

"நீங்க சொல்லிக் குடுத்த வழியில அவங்க ஒரு கணக்குக்கூடப் போடல. அத்தனைக்கும் வேற வழி. பரீட்சையில அவ்வளவு நேரம் எப்படிக் கெடச்சுதுன்னே தெரியல. கோரிக்கை தள்ளுபடி ஆகியிருக்கணும். ஆனா எதிர்த்தரப்புகிட்டயும் கேக்கணும்னு விதி. அவங்க ஒத்துக்கிட்டா நிகரோட முடிவு தேவையில்ல."

"ஒத்துக்கிட்டாளா?"

"'எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அக்கா சொல்லிக் குடுத்தது. அவங்க கேக்கற பங்கைக் குடுத்துருங்க'ன்னாங்க. நானே ஃபோன் பண்ணி, 'நிகர் உங்க பக்கம் இருக்குதுங்க, எதுக்கு ஒத்துக்கறீங்க'ன்னு கேட்டேன். 'எங்களுக்குள்ள தம்பி, நீங்க போடுங்க'ன்னு வெச்சுட்டாங்க."

இன்பராஜ் போன பிறகும் சுபத்ரா அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அவமானம் முதலில் வந்தது. பின்னாலேயே, அதைவிடப் பெரிதாக, அதே பழைய எரிச்சல் வந்தது. மூளையில்தான் அவள் பெரியவள் என்று நினைத்தால், மனசிலுமா? 9.4ஐத் தூக்கிக் கொடுத்துவிட்டுக் கழிவுநீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்க ஒருத்தியால் முடிகிறது என்றால், அதை வெட்டி ஒட்டி வாங்கிக்கொண்டவள் யார்?

மறுநாள் காலை திருப்பூருக்குப் போனாள்.

சுத்திகரிப்பு நிலையம் ஊருக்கு வெளியே இருந்தது. வட்ட வட்டமான தொட்டிகளில் சிவப்பும் நீலமுமாகத் தண்ணீர் சுழன்றது. மேகலா முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு இரும்புப் படியில் நின்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் இறங்கி வந்தாள். கோபம் தெரியவில்லை. வா என்று கூப்பிட்டு, காற்று வாக்கில் நாற்றம் வராத ஒரு மூலைக்கு அழைத்துப் போய் உட்காரச் சொன்னாள்.

"இன்பராஜ் சொல்லிட்டாரு" என்றாள் சுபத்ரா.

"அப்படியா" என்றாள் மேகலா.

"எதுக்கு இப்படிப் பண்ணின? எம்மேல பரிதாபமா?"

மேகலா ரப்பர் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தாள். "இல்லக்கா. உனக்கு அது இல்லாம இருக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். இத்தனை வருசம் இருந்து பழகிட்டேன்."

சுபத்ரா கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"நான் ஒண்ணும் பெரிய மனசுல பண்ணல, நீ அப்படி நெனச்சுக்காதே" என்று மேகலா தொடர்ந்தாள். "அந்த ஒம்பது புள்ளி நாலு வந்தன்னைக்கு எனக்குச் சந்தோசம் வரலக்கா. கோவந்தான் வந்துச்சு. தொட்டியோரமா நின்னு ஒரு பாட்டம் அழுதேன். நான் அழுதுட்டிருக்கறப்பதான் நீ ஃபோன் பண்ணின. அப்பறம் ஊட்டுக்காரரு என்னைப் பாக்கற பார்வையே மாறிப் போச்சு. எம்பட பொண்ணு, 'இவ்வளவு மூளை இருந்தும் ஏம்மா இங்க கெடக்கற'ங்கறா. இருக்கற பொழப்பே கேவலம்ங்கற மாதிரி ஆகிப்போச்சு. நான் இந்தப் பொழப்பைக் கேவலமா நெனச்சதில்ல. நீ கேட்டதும் கழட்டிக் குடுத்துட்டேன். அவ்வளவுதான்."

"அந்தப் பதிவுல நீ கேட்ட கேள்வியெல்லாம் நான் வெட்டிட்டேன்."

"தெரியும். எனக்கு ஒரு காப்பி அனுப்பினாங்க, கேட்டேன். நான் பேசற எடமே இல்லையேன்னு பாத்தேன்." மேகலா லேசாகச் சிரித்தாள். "உன்ற குரலைக் கேட்டுத்தான்க்கா மனசு எளகிப் போச்சு. 'எனக்கு ஒண்ணும் அவசரமில்ல'ம்பியே. அந்த அக்கா எனக்கு ரொம்பப் புடிச்சவ. அவளுக்குத்தான் குடுத்தேன்."

யாரோ மேகலாவைக் கூப்பிட்டார்கள். "சாப்புட்டுட்டுப் போ, வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். சுபத்ரா சாப்பாட்டுக்குக் காத்திருக்கவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் மனம் ஒரே இடத்தில் சுற்றியது. அவளுக்குத் தெரிந்தவரை இரண்டே வழிதான். நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு நாளும் இது தங்கை போட்ட பிச்சை என்று நினைத்துக்கொண்டிருப்பது ஒன்று. எல்லாருக்கும் தெரியும்படி அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவது மற்றது. அவிநாசி தாண்டும்போது அவளுக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. விட்டுக்கொடுத்தவள் என்ற இடத்தில் மேகலா நிற்பதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மார்க்கில் மேலே இருந்துவிட்டுப் போகட்டும். இதிலும் மேலே இருக்கவிட மாட்டேன்.

நேரே இன்பராஜின் அறைக்குப் போனாள்.

"கோரிக்கையைத் திரும்ப வாங்கணும்."

இன்பராஜ் எழுந்து நின்றான். "மேடம், பதவியேற்புக்கு அழைப்பிதழே போயிருச்சுங்க. திரும்ப வாங்கினா பழைய மார்க்குக்கே போயிருவீங்க. எல்லாருக்கும் தெரிஞ்சிரும்."

"தெரியட்டும்."

அவன் தயங்கித் தயங்கித் திரையில் பதிந்தான். "காரணம் கேக்குதுங்க."

"அனுப்பின பதிவு வெட்டப்பட்டதுன்னு போடு. வெட்டினது நான்தான்னும் போட்டுரு."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் மரியாதை இருந்தது. அவளுக்கு அது பிடிக்கவில்லை; அதற்குத் தனக்குத் தகுதி இல்லை என்பது அவளுக்கு மட்டும்தானே தெரியும்.

கல்லூரி இரண்டு நாள் கொந்தளித்தது. விசாரணை வைக்கலாமா என்று குழு யோசித்து, டீன் பதவியை அவளே விட்டுவிடுவதாகச் சொன்னதும் அத்தோடு நிறுத்திக்கொண்டது. முதல்வராக வெளியூரிலிருந்து ஒருவர் வந்தார். ஆசிரியராக இருக்க நிகர் விதி எதுவும் இல்லை. முதலாண்டுக் கணித வகுப்பைத் தனக்குக் கொடுக்கும்படி சுபத்ரா கேட்டு வாங்கிக்கொண்டாள். பரமசிவத்தின் எண்ணைத் தேடிப் பிடித்து ஃபோன் செய்தாள். அவர் எடுக்கவில்லை. மறுநாளும் செய்தாள்.

வார இறுதியில் மேகலா கூப்பிட்டாள். இந்தத் தடவை பின்னால் எந்த இரைச்சலும் இல்லை, வீட்டிலிருந்து பேசினாள்.

"என்னக்கா பண்ணி வெச்சிருக்கற? மறுபடியும் என் தலையில கட்டிட்டயே. இங்க காலையில இருந்து ஃபோன் வந்துட்டே இருக்குது. உங்க காலேஜ்ல இருந்தும் கூப்புட்டாங்க."

"வர்றயா?"

"யோசிக்கறேன்னு சொல்லியிருக்கேன். வாரத்துல ரெண்டு நாள்னா வர்றேன், தொட்டியை விட்டுட்டு வரமாட்டேன்னேன். அதை உடு. நான்தான் குடுத்துட்டேனே, எதுக்குத் திருப்பின?"

"நீ குடுத்ததனாலதான்."

மேகலா புரிந்துகொண்டாள். அவளுக்குப் புரிய எப்போதும் அதிக நேரம் பிடித்ததில்லை.

"குடுத்தவங்கற பேரு எனக்கு வந்தறக் கூடாது. அப்படித்தான?"

இல்லை, பாசம்தான் என்று சொல்லலாம். மனசாட்சி என்று சொல்லலாம். கேட்கிறவர்கள் எல்லாரும் நம்புவார்கள்.

"ஆமா" என்றாள் சுபத்ரா.

மேகலா வாய்விட்டுச் சிரித்தாள். சின்ன வயதில் ஒரே பாயில் படுத்துக்கொண்டு போர்வைக்கு அடித்துக்கொண்டபோது சிரித்த சிரிப்பு. "எதுலயாவது நீதான் ஜெயிக்கோணும் உனக்கு. ஜெயிச்சுட்டயா இப்ப?"

சுபத்ரா யோசித்துப் பார்த்தாள். நாற்காலி போய்விட்டது. ஊதின பேட்ச் என்று பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். தங்கை தன்னைவிடக் கெட்டிக்காரி, தன்னைவிட நல்லவளும்கூட. இனி எந்த இயந்திரமும் அதை மாற்றி எழுதப் போவதில்லை. நினைத்த மாத்திரத்தில் நெஞ்சில் அந்த எரிச்சல் எழுந்தது. அது சுலபமாக இடத்தைக் காலி செய்யாது என்றும் அவளுக்குத் தெரிந்தது.

"கொஞ்சம்" என்றாள்.